குத்தகைக்குப் போகும் கரிசல்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளாதாரம்)

கடந்த ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு மாலை, எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஒரு தரகர் வந்தார். கையில் தடித்த காகிதக் கட்டு ஒன்று இருந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு என் தந்தையாரிடம் பேச்சைத் தொடங்கினார்.

“அண்ணாச்சி, வானத்தைப் பார்த்துக்கிட்டே எத்தனை நாளைக்கு இருப்பீங்க? சோலார் கம்பெனிக்காரங்க குத்தகைக்குக் கேக்காங்க. விக்க வேண்டாம், பட்டா உங்க பேர்லயே இருக்கும். வருசா வருசம் ஏக்கருக்கு இருபத்தஞ்சாயிரம். நோகாம நுங்கு திங்கிற சோலி.”

எங்களுக்கு இருப்பது நான்கு ஏக்கர் புஞ்சை. கரிசல் மண், கிணறு இல்லை. ஐப்பசி மழை தப்பினால் அந்த ஆண்டு விளைச்சலும் தப்பும். தந்தையார் காகிதக் கட்டைப் புரட்டிப் பார்த்தார். எல்லாம் ஆங்கிலம். என் பக்கம் நீட்டி, “நீதான் காலேசுல படிக்கியே, என்ன எழுதியிருக்குன்னு சொல்லு” என்றார்.

முப்பத்து நான்கு பக்கங்கள். அகராதியை வைத்துக்கொண்டு மூன்று இரவுகள் படித்தேன். படித்து முடித்தபின் எனக்குத் தோன்றிய எண்ணங்களையே இம்மலரில் எழுதத் துணிந்தேன். நம் கல்லூரியில் பயிலும் மாணவர்களில் பலர் கரிசற்காட்டுப் பிள்ளைகள். உங்கள் வீட்டுத் திண்ணைக்கும் இப்படியொரு கட்டு வந்திருக்கலாம், நாளை வரலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலத்தை விற்பதைவிடக் குத்தகைக்கு விடுவது நன்று. ஆனால் பத்திரத்தைப் படிக்காமல் குத்தகைக்கு விடுவது, விற்பதைவிடத் தீது. விற்றவனுக்கு விலையாவது கிடைக்கும். படிக்காமல் ஒப்பமிட்டவனுக்கு விலையும் இல்லை, நிலமும் இல்லை.

கதிரவன் மேல் பகை இல்லை

சூரிய மின்சாரத்துக்கு நான் எதிரியல்லன். ஒளி பட்டால் மின்னோட்டம் பிறக்கும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பெக்கரல் 1839-ஆம் ஆண்டிலேயே கண்டார். 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சிலிக்கானால் ஆன பயன்தரு மின்கலம் உருவாயிற்று. அன்று விண்கலங்களுக்கு மட்டுமே கட்டுபடியான விலையில் இருந்த பொருள், இன்று நம் ஊர்த் தெருவிளக்குக் கம்பத்தில் தொங்குகிறது. நிலக்கரியை எரித்துப் புகையால் காற்றைக் கெடுப்பதைக் காட்டிலும், தலைக்குமேல் வீணாகக் காயும் வெயிலை மின்சாரமாக்குவது அறிவுடைமை என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. மழை பொய்த்துப் போவதால் முதலில் அடிபடுகிற நாம், தட்பவெப்பம் கெடாமல் காக்கும் முயற்சியை எதிர்ப்பது நமக்கே கேடு.

நம் நாட்டில் 2010-இல் தேசியச் சூரிய ஆற்றல் இயக்கம் தொடங்கியபோது, 2022-க்குள் 20,000 மெகாவாட் என்பதே இலக்கு. 2015-இல் அதனை 1,00,000 மெகாவாட்டாக உயர்த்தினர். அந்த ஒரு லட்சம் 2025 ஜனவரியில் எட்டப்பட்டது. தமிழ்நாடும் 2012-இல் ஒரு சூரிய ஆற்றல் கொள்கையும் 2019-இல் மற்றொன்றும் வெளியிட்டது. இத்தனை மின்சாரத்துக்கும் இடம் வேண்டும். ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ நான்கு முதல் ஆறு ஏக்கர் பிடிக்கிறது. வீட்டுக் கூரைகளும் அலுவலகக் கூரைகளும் ஓரளவே தரும். எஞ்சியதற்குக் கம்பெனிகள் தேடுவது மூன்று: நல்ல வெயில், மலிவான நிலம், அருகில் துணைமின் நிலையம். இம்மூன்றும் ஒருங்கே அமைந்த இடம் வானம் பார்த்த பூமி. ஆகவேதான் நம் ஊருக்குத் தரகர் வருகிறார்.

நம் பகுதி மக்களுக்குக் காற்றாலை பழகிய ஒன்று. முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் அவை நிற்பதைப் பேருந்தில் போகும்போது பார்த்திருக்கிறோம். அதே நினைப்பில்தான் சோலாரையும் பலர் எடைபோடுகின்றனர். அது பிழை. காற்றாலை ஓர் ஓரத்தில் கால் ஊன்றி நிற்கும். அதன் அடியில் ஏர் ஓடும், ஆடு மேயும். சூரியத் தகடு அப்படியன்று. நிலம் முழுவதையும் மூடிப் படுத்துக்கொள்ளும். சுற்றிலும் கம்பிவேலி ஏறும். வேலிக்குள் போய்வர நிலத்துக்கு உரியவனே வாயிற்காவலரிடம் அனுமதி கேட்க வேண்டிவரும்.

உழவன் ஏன் இசைகிறான்?

திருவள்ளுவர் உழவுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். மேடைதோறும் நாம் அதைச் சொல்லி மகிழ்கிறோம். ஆனால் புகழுரையால் விதை வாங்க இயலாது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்ற பழமொழியும் இதே நாட்டில்தான் பிறந்தது.

எங்கள் கணக்கையே சொல்கிறேன். பருத்தி போட்டோம், எடுப்புக் கூலி கட்டுபடியாகவில்லை. மக்காச்சோளத்துக்கு மாறினோம். 2018-இல் இந்நாட்டில் முதன்முதலாகக் காணப்பட்ட படைப்புழு, அதே ஆண்டில் தமிழகத்துக்கும் வந்துசேர்ந்தது. அதன்பின் மருந்துச் செலவு இல்லாமல் ஒரு பயிரும் வீடு வரவில்லை. உளுந்தும் பாசியும் போட்டால் அறுப்பு நேரத்தில் மழை. மிஞ்சியதைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போகிறது. நல்ல ஆண்டில் கையில் ஏதோ நிற்கும். கெட்ட ஆண்டில் கடன் நிற்கும். இந்நிலையில், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஆண்டுக்கு ஏக்கருக்கு ரூ. 25,000 என்றால், எந்த உழவன் காதைப் பொத்திக்கொள்வான்? நிலத்தை விட்டுக்கொடுக்கிறவனைப் பேராசைக்காரன் என்று பட்டணத்திலிருந்து பழிப்பவர்கள், ஒரு புரட்டாசி மாதம் எங்களோடு வந்து வானத்தைப் பார்க்கட்டும்.

மூன்று ஊர்கள், மூன்று வழிகள்

சூரியப் பண்ணைக்கு நிலம் கிடைத்த வழிகளை மூன்று ஊர்களைக் கொண்டு காட்டலாம்.

முதலாவது ராஜஸ்தானத்தின் பட்லா. இரண்டாயிரம் மெகாவாட்டுக்கு மேல் ஆற்றல் கொண்ட அப்பூங்கா எழுந்தது பாலைவனத்தில். பெரும்பாலும் அரசு நிலம்.

இரண்டாவது நம் இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதி. 2016-இல் அங்கே 648 மெகாவாட் நிலையம் எழுந்தது. ஓரிடத்தில் அமைந்தவற்றுள் அன்று உலகிலேயே பெரியது என்று பேசப்பட்டது. ஏறத்தாழ 2,500 ஏக்கர். எட்டு மாதத்தில் முடிந்த வேலை. இது விலைக்கு வாங்கிய நிலம். விற்றவர்க்கும் அந்நிலத்துக்கும் இருந்த தொடர்பு பத்திரம் எழுதிய அன்றே அறுந்தது.

மூன்றாவது கருநாடகத்தின் தும்கூரு மாவட்டத்துப் பாவகடா. நாம் கூர்ந்து கற்க வேண்டியது இதுவே. ஓயாத வறட்சிக்குப் பேர்போன அவ்வட்டத்தில், 5 ஊர்களைச் சேர்ந்த சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் பூங்கா அமைந்தது. 2019 இறுதியில் பணி முடிந்தது. நிலம் வாங்கப்படவில்லை; உழவர்களிடமிருந்து 28 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்டது. எடுத்தது தனியார் கம்பெனியன்று. மாநில அரசும் மத்திய அரசும் சார்ந்த நிறுவனங்கள் சேர்ந்து 2015-இல் அமைத்த ஒரு பொதுக் கழகம். அக்கழகமே சாலையும் மின்தடமும் அமைத்து, பின்னர் கம்பெனிகளுக்கு இடத்தைப் பகிர்ந்து கொடுத்தது. உழவனுக்கு வாடகை தருவதும் அக்கழகமே. ஏக்கருக்கு ஆண்டுக்கு ரூ. 21,000, இரண்டாண்டுக்கு ஒருமுறை 5 விழுக்காடு ஏற்றம்.

பாவகடா முறையில் இரண்டு நன்மைகள் உண்டு. உடைமை உழவனிடமே இருக்கிறது. கம்பெனி ஒன்று நொடித்தாலும் வாடகைக்குப் பொறுப்பேற்க அரசு சார்ந்த ஓர் அமைப்பு இருக்கிறது. எங்கள் திண்ணைக்கு வந்த பத்திரத்தில் முன்னது மட்டுமே இருந்தது, பின்னது இல்லை.

பொருளாதார மாணவனின் கணக்கு

வகுப்பில் கற்ற கூட்டுவட்டியை இங்கே பொருத்திப் பார்த்தேன்.

பாவகடாவின் ரூ. 21,000, இரண்டாண்டுக்கு 5 விழுக்காடு வீதம் ஏறிக்கொண்டே போனால், 27-ஆம் ஆண்டில் 13 ஏற்றங்கள் கண்டு ஏறத்தாழ ரூ. 39,600 ஆகும். கேட்பதற்கு இனிமை. ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று ஒரு ரூபாய்க்கு வாங்கும் பொருள் 26 ஆண்டுகள் சென்றபின் சுமார் மூன்றரை ரூபாய் ஆகியிருக்கும். அப்போது அந்த ரூ. 39,600-இன் வாங்கும் ஆற்றல் இன்றைய ரூ. 11,000-க்குச் சற்றே மேல். அதாவது வாடகை ஏறுவது போலத் தோன்றிக்கொண்டே பாதியாகக் குறைகிறது. எங்களுக்குச் சொன்ன ஏற்றமோ மூன்றாண்டுக்கு ஒருமுறை 5 விழுக்காடு. இது இன்னும் மோசம்.

மற்றொரு கணக்கும் போட்டேன். நம் பகுதியில் ஒரு மெகாவாட் நிலையம் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் யூனிட் தரும். யூனிட் ரூ. 2.50 என்று குறைத்தே மதித்தாலும் வரவு ரூ. 37 லட்சத்து 50 ஆயிரம். ஒரு மெகாவாட்டுக்கு 5 ஏக்கர் எனக் கொண்டால், ஏக்கருக்கு ரூ. 7 லட்சத்து 50 ஆயிரம். அதில் நிலத்துக்காரனுக்கு ரூ. 25,000 என்பது நூற்றுக்கு மூன்றரை பங்குகூட இல்லை. கம்பெனிக்கு முதலீடு உண்டு, வட்டி உண்டு, பராமரிப்பு உண்டு. வரவெல்லாம் இலாபமன்று என்பதை நான் மறைக்கவில்லை. ஆயினும் நூற்றுக்கு மூன்றரை என்பது ஐந்தாக உயர்ந்தால் கம்பெனி கவிழ்ந்துவிடாது. எங்கள் குடும்பமோ நிமிர்ந்துவிடும். பேரம் பேசுகிறவனுக்கு இந்தக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். தரகருக்குத் தெரியும், என் தந்தையாருக்குத் தெரியாது. வேறுபாடு அவ்வளவே.

விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பதை யாவரும் அறிவர். சூரிய மின்நிலையத்துக்கு விட்ட நிலத்தின் வாடகை விவசாய வருமானம் ஆகாது என்பதைப் பலர் அறியார். நாலு ஏக்கர்க்காரனை அது தொடாது. நாற்பது ஏக்கர் விட்டவர் எண்ணிப் பார்க்கட்டும்.

பத்திரத்தில் இருந்தது என்ன?

அந்த முப்பத்து நான்கு பக்கங்களில் என் கண்ணை உறுத்தியவை ஐந்து.

ஒன்று, காலம். 29 ஆண்டு. கம்பெனி விரும்பினால் ஆறு மாத முன்னறிவிப்போடு எப்போது வேண்டுமானாலும் விலகலாம். நிலத்துக்காரர் இடையில் விலக வழியே இல்லை. கதவு ஒரு பக்கம் மட்டும் திறக்கும்.

இரண்டு, வாடகை தொடங்கும் நாள். ஒப்பமிட்ட நாளிலிருந்து அன்று. மின்சாரம் ஓடத் தொடங்கிய நாளிலிருந்தே முழு வாடகை. அதுவரை ஒரு சிறு முன்பணம். நிலையம் எழ மூன்றாண்டு ஆனால், மூன்றாண்டு உழவும் இல்லை, வாடகையும் இல்லை.

மூன்று, அடமானம். கம்பெனி வங்கியில் கடன் வாங்கக் குத்தகை உரிமையை ஈடு வைக்கலாம் என்று இருந்தது. வேறுவிதமாக எழுதாத வரையில், குத்தகை உரிமையை மாற்றவோ ஈடுவைக்கவோ உள்குத்தகை விடவோ குத்தகைதாரருக்கு 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டமே இடம் தருகிறது. இதில் திருட்டு இல்லை. ஆனால் ஈடு குத்தகை உரிமையின்மேல் மட்டுமே, நிலத்தின் உடைமைமேல் அன்று என்ற ஒரு வரி அதில் இல்லை. அந்த ஒரு வரிக்காகவே ஒப்பத்தை நிறுத்திவைக்கலாம்.

நான்கு, பொது அதிகாரப் பத்திரம். அரசு அலுவலக வேலைகளுக்கு அலைய வேண்டாம் என்று சொல்லித் தனித்தாளில் ஒரு ‘பவர்’ இணைத்திருந்தனர். அலைச்சல் மிச்சந்தான். அதிகாரமும் போய்விடும்.

ஐந்து, முடிவு. 29 ஆண்டு கழித்துத் தகடுகளையும் தூண்களையும் யார் அகற்றுவது? “இயன்றவரை” நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதாக எழுதியிருந்தது. கரிசல், மழையில் ஊதி வெயிலில் வெடிக்கும் மண். அதில் நடும் தூணுக்குக் காங்கிரீட் ஊற்றுவார்கள். அந்தக் காங்கிரீட்டை மண்ணுக்குள்ளேயே விட்டுப் போனால், என் பிள்ளை காலத்தில் கலப்பை எங்கே இறங்கும்? பழுதடைந்த சூரியத் தகடுகள் 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளுக்குள் கொண்டுவரப்பட்டுள்ளன. விதி இருப்பதால் மட்டும் என் புஞ்சை துப்புரவாகிவிடாது. அகற்றும் செலவுக்கு இன்றே ஒரு வைப்புத்தொகை வேண்டும்.

தரகரிடம் இவற்றைக் கேட்டேன். “தம்பி நல்லா படிக்கீங்க. ஆனா இதெல்லாம் எல்லாப் பத்திரத்துலயும் இருக்கிறதுதான். உங்க தெருவுல ஏழு பேர் கையெழுத்துப் போட்டாச்சு” என்றார். அந்த எழுவரில் ஒருவர் என் பெரியப்பா. அவருக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை. நான் அப்போது விடுதியில் இருந்தேன்.

பத்திரத்தில் பெயரே இல்லாதவர்கள்

இதுவரை பேசியது பட்டா உள்ளவரின் துயரம். ஊரில் பட்டா இல்லாதவரும் இருக்கின்றனர்.

எங்கள் காட்டில் களையெடுக்கவும் பருத்தி எடுக்கவும் வரும் அக்காமார்க்கு ஒரு சென்ட் நிலமும் கிடையாது. காடு வேலிக்குள் போனால் அவர்களுக்கு வாடகை வராது. வேலை மட்டும் போகும். கம்பெனியில் வேலை தருவார்கள் என்கின்றனர். நிலையம் எழும்வரை நூற்றுக்கணக்கானவர்க்கு வேலை உண்டு. எழுந்தபின் காவலுக்கும் தகடு துடைக்கவும் புல் வெட்டவும் சிலரே போதும். பாவகடாவிலும், நிலம் உள்ளவர்க்கு வாடகை வந்தது, நிலமற்ற கூலிகளும் ஆடு மேய்ப்பவர்களும் பிழைப்பைத் தேடி அலைந்தனர் என்று அங்கு சென்று கண்டவர்கள் எழுதியுள்ளனர்.

வாரத்துக்கு உழுகிறவர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. வாய்ச்சொல்லே அவர்களுக்குப் பத்திரம். குத்தகைதாரரைக் காக்க 1955-லும், அவர் உரிமையைப் பதிவேட்டில் ஏற்ற 1969-லும் தமிழகத்தில் சட்டங்கள் செய்யப்பட்டன. பதிவேட்டில் பெயர் ஏறாதவர் இன்றும் பலர். நிலத்துக்காரர் கம்பெனிக்கு ஒப்பமிட்ட அன்று அவர்கள் கிளம்ப வேண்டியதுதான். கிளம்பியதற்குச் சான்றுகூட இராது.

என் வகுப்புத் தோழன் ஒருவனின் தந்தை ஆட்டுக்கிடை போடுகிறவர். அறுப்பு முடிந்த காடுகளில் ஆடுகள் மேயும்; இரவில் கிடை மறிப்பார்; காட்டுக்கு எரு, அவருக்குக் கூலி. இவ்வுறவுக்குப் பத்திரம் இல்லை. அடுத்தடுத்து நூறு ஏக்கர் கம்பிவேலிக்குள் போனால் மேய்ச்சலும் போகும், மந்தைப் பாதையும் போகும்.

பெண்களின் பங்கையும் மறத்தல் ஆகாது. தமிழகத்தில் 1989-லேயே சொத்தில் மகளிர்க்குச் சம உரிமை தரும் சட்டத்திருத்தம் வந்தது. ஆயினும் பட்டாவில் தாத்தா பெயரோ மூத்த மகன் பெயரோதான் நிற்கிறது. அத்தைமார் பங்கு பேசப்படாமலே குத்தகை எழுதினால், முதலாண்டு வாடகையே குடும்பச் சண்டைக்கு முதலாகிவிடும்.

அடுத்தது தண்ணீர். நம் கண்மாய்களுக்கு நீர் வருவது ஆற்றால் அன்று; காட்டில் பெய்யும் மழை ஓடைவழி ஓடிவருவதால். காட்டைச் சமன்படுத்தி ஓடையை மேடாக்கிவிட்டால், ஒப்பமிடாத கீழ்க்காட்டுக்காரனின் கண்மாயும் வற்றும். ஒரு பட்டாவில் இட்ட கையெழுத்து ஊரின் நீரைக் கட்டுப்படுத்துமாயின், அது தனியார் பேரம் மட்டும் ஆகாது. கிராமசபை பேச வேண்டிய பொருள்.

இரண்டும் கூடுமா?

உழவா, மின்சாரமா என்ற இரண்டில் ஒன்றைத்தான் தேர வேண்டுமா? இல்லை என்கிறது அறிவியல். தகடுகளை உயர்த்தி, இடைவெளி விட்டு நட்டால் கீழே பயிர் செய்யலாம் என்ற கருத்தை 1980-களின் தொடக்கத்திலேயே ஜெர்மானிய அறிஞர்களான கோட்ஸ்பெர்கரும் சாஸ்ட்ரோவும் வெளியிட்டனர். ஜப்பான் 2013-இல் இதற்கு விதி செய்தது. தகட்டின் கீழ் விளையும் விளைச்சல், அவ்வட்டாரச் சராசரியில் நூற்றுக்கு எண்பதுக்குக் குறையக்கூடாது; குறைந்தால் அனுமதி நிலைக்காது. சுருங்கச் சொன்னால், விளைநிலம் விளைநிலமாகவே இருக்க வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. நம் நாட்டிலும் ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் இம்முறையைச் சோதித்துவருகிறது. 2015 முதல் சூரிய மின்சாரத்தால் இயங்கும் கொச்சி விமான நிலையத்தில் தகடுகளுக்கிடையே காய்கறி விளைகிறது.

உயரமான தூணுக்குச் செலவு கூடும் என்பது உண்மை. எல்லாப் பயிரும் நிழலைத் தாங்கா என்பதும் உண்மை. ஆனால் ஆடு மேயும் அளவுக்காவது தகட்டை உயர்த்துவது இயலாததன்று. வெளிநாடுகளில் புல்லைக் கட்டுப்படுத்தச் செம்மறிகளையே தகட்டின் கீழ் விடுகின்றனர். நம் ஊரிலோ புல்லுக்கு மருந்தடித்து, ஆட்டுக்காரரை வேலிக்கு வெளியே நிறுத்துகிறோம்.

மற்றொரு வழியும் உண்டு. 2019-இல் மத்திய அரசு தொடங்கிய ‘குசும்’ திட்டத்தின் முதற்பகுதி, உழவர்களோ அவர்களின் கூட்டுறவுகளோ தம் நிலத்தில் 2 மெகாவாட் வரை நிலையம் அமைத்து மின்சாரத்தை விற்க இடம் தந்தது. முதலீடு பெரிது, தனி உழவனால் இயலாது. ஆனால் பால் கூட்டுறவு நடத்திக் காட்டிய நாடு இது. பத்து உழவர் சேர்ந்து பத்து ஏக்கரில் ஒரு சிறு நிலையம் நடத்தினால், அவர்கள் வாடகைக்காரர் அல்லர், முதலாளிகள்.

என் பரிந்துரைகள்

குறை சொல்வது எளிது. வழி சொல்வதே கடன். எனவே என் சிற்றறிவுக்கு எட்டியவற்றை வரிசைப்படுத்துகிறேன்.

1. பத்திரம் தமிழில் இருக்க வேண்டும். ஒப்பமிடுமுன் கிராமத்தில் பலர் முன்னிலையில் படித்துக் காட்டப்பட வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். வெற்றுத்தாளில் எழுதியதை யாரும் ஏற்க வேண்டாம்.

2. வாடகை ஒப்பமிட்ட நாள் முதல் தொடங்க வேண்டும். ஏற்றம் விலைவாசியோடு ஒட்டி இருக்க வேண்டும்.

3. பாவகடாவைப் போல உழவனுக்கும் கம்பெனிக்கும் நடுவே அரசு சார்ந்த கழகம் ஒன்று நின்று வாடகைக்குப் பொறுப்பேற்க வேண்டும்.

4. நிலத்தின் உடைமை எக்காரணத்தாலும் ஈடாகாது என்றும், பொது அதிகாரப் பத்திரம் கேட்கக் கூடாது என்றும் எழுதப்பட வேண்டும்.

5. தகடும் தூணும் காங்கிரீட்டும் அகற்றும் செலவுக்குக் கம்பெனி தொடக்கத்திலேயே வைப்புத்தொகை கட்ட வேண்டும்.

6. நிலமற்ற கூலிகளுக்கும் வாரக் குத்தகையாளர்க்கும் வாடகையின் ஒரு பகுதியோ, நிலையத்தில் உறுதியான வேலையோ வேண்டும். தகடு துடைக்கும் வேலையாவது களையெடுத்த கைகளுக்குக் கிடைக்கட்டும்.

7. ஓடை, வண்டிப்பாதை, மந்தைப்பாதை மூன்றும் வரைபடத்தில் குறிக்கப்பட்டு, கிராமசபையின் ஒப்புதலுக்குப் பின்னரே வேலி ஏற வேண்டும்.

8. சீமைக் கருவேலம் மண்டித் தரிசாய்க் கிடக்கும் நிலத்துக்கே முதலிடம். விளைகிற நிலத்துக்குக் கடைசி இடம். தரிசிலும் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர் உண்டு. அவர்களையும் கேட்டே செய்ய வேண்டும்.

இத்தனை நிபந்தனை போட்டால் கம்பெனிகள் வேறு மாநிலம் போய்விடும் என்பர் சிலர். போகலாம். ஆனால் வெயிலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கரிசலின் வெயில் கரிசலில்தான் காயும். அதற்கு விலை உண்டு என்பதை நாம் உணராதவரை, அது இலவசமாகவே போய்க்கொண்டிருக்கும்.

நம் கடமை

என் தந்தையார் இன்னும் ஒப்பமிடவில்லை. முற்றாக மறுக்கவும் இல்லை. நான்கு ஏக்கரில் மேட்டுப்பாங்கான இரண்டு ஏக்கரை மட்டும், ஐந்து திருத்தங்கள் செய்தால் தரலாம் என்று சொல்லியனுப்பினார். முதலில் சிரித்த தரகர், மூன்றாம் முறை வந்தபோது இரண்டு திருத்தங்களுக்கு இசைந்தார். வாடகை நாளும், ‘பவர்’ தாளை நீக்குவதும். மற்றவற்றுக்குப் பேச்சு நடக்கிறது. எனவே அச்சடித்த பத்திரம் கல்வெட்டன்று, கேட்டால் மாறும். இதை என் பெரியப்பா அறிந்திருந்தால் அவரும் கேட்டிருப்பார். கடந்த ஐப்பசியில் நல்ல மழை பெய்தது. அவர் காட்டில் விதைப்பு இல்லை, வாடகையும் தொடங்கவில்லை. அடுத்த காட்டில் நாங்கள் விதைப்பதை வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

நண்பர்களே, நம்மில் பெரும்பாலோர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். பட்டம் பெற்று வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்குவோம் என்று ஊர் நம்புகிறது. அதற்குச் சில ஆண்டுகள் ஆகலாம். ஆனால் ஊரார் கையெழுத்திடப் போகும் தாளைப் படித்து, அதில் உள்ளதை உள்ளபடி தமிழில் சொல்ல இன்றே நம்மால் இயலும். ஆங்கில வகுப்பும் பொருளாதார வகுப்பும் அதற்குப் போதும்.

நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஆண்டுதோறும் ஏதேனும் ஓர் ஊரில் நடக்கிறது. சாலை செப்பனிடுகிறோம், மரம் நடுகிறோம். வரும் முகாமில் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்கும்படி பேராசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். சட்டம் அறிந்த ஒருவரை அழைத்துவருவோம். பத்திரம் வைத்திருப்பவர்கள் கொண்டுவரட்டும். மந்தையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாகப் படித்துச் சொல்வோம். கையெழுத்திடுவதும் இடாததும் அவர்கள் விருப்பம். படித்துச் சொல்வது நம் பொறுப்பு.